பேரவையில் நமக்கும் இருக்கை உண்டு

புத்தளம் மாவட்டத்துக்கென்று ஓர் அரச பல்கலைக்கழகம் இல்லை. தெற்கே மகா ஓயா முகத்துவாரத்திலிருந்து வடக்கே மோதரகம் ஆறு வரை நீளும் இந்தக் கரையில் உப்பளம் உண்டு, சீமெந்து ஆலை உண்டு, 900 மெகாவாட் கொள்ளளவுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் உண்டு. லுணுவிலவில் 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கற்பிட்டியில் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புத்தளத்தில் திறந்த பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையமும் இருக்கிறது. ஆனால் உயர்தரத்தில் தேறிய பிள்ளை முழுநேரமாக அரச பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற வேண்டுமென்றால், பெட்டியைக் கட்டிக்கொண்டு மாவட்டத்தை விட்டுப் புறப்படத்தான் வேண்டும். தமிழ்மொழி மூலம் கலை படித்தவர் ஒலுவிலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ போகிறார். விஞ்ஞானமும் வர்த்தகமும் படித்தவர் குளியாப்பிட்டி, மாக்கந்துர, வவுனியா என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போகிறார்.

ஆகவே ஒலுவிலில் விரிவுரை நின்றால் கற்பிட்டியில் ஒரு வீடு கலங்குகிறது. வவுனியாவில் விடுதியை மூடினால் உடப்பில் ஒரு தாய் பஸ் வரும் நேரத்தை விசாரிக்கிறாள். குளியாப்பிட்டியில் பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போனால் தில்லையடியில் ஒரு தகப்பன் இன்னும் ஆறு மாதத்துக்குக் கடன் தேடுகிறார். நம் வீட்டு அடுப்பு வரை வந்து தொடும் இந்த விடயத்தைப் பற்றி நாம் பேசுவதோ மிகக் குறைவு. "நிர்வாகம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி விடுகிறோம். அந்த நிர்வாகம் யார், அவர்கள் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, அதில் நம்முடைய பங்கு எவ்வளவு என்று கேட்பதில்லை. இந்தக் களத்தில் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

நாட்டின் பல்கலைக்கழகங்களை ஆள்வது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். அதன்படி பல்கலைக்கழகத்தின் ஆட்சிச் சபையான பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்க, அவர்களில் ஒருவரை ஜனாதிபதி துணைவேந்தராக நியமிக்கிறார். பதவிக்காலம் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டும் அவரே பிரதான நிறைவேற்று அதிகாரி, அவரே பிரதான கல்வி அதிகாரி, கணக்குக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும் அவரே. பேரவைக்கும் கல்விச் சபையான மூதவைக்கும் தலைமை தாங்குபவரும் அவர்தான். பீடாதிபதியைப் பீடச் சபை வாக்களித்துத் தெரிவு செய்கிறது. அவருக்கும் மூன்று ஆண்டு. துறைத்தலைவருக்கும் அவ்வாறே.

இந்தப் பதவிகளுக்கு வருபவர்கள் யார்? மண்ணைச் சோதித்தவர், மீனின் நோயை ஆராய்ந்தவர், இலக்கணம் கற்பித்தவர். இருபது ஆண்டாக நூலகத்திலும் ஆய்வுகூடத்திலும் வகுப்பறையிலும் இருந்தவர் ஒரு திங்கட்கிழமை காலையில் கேள்விப்பத்திரச் சபைக்குத் தலைமை தாங்க வேண்டியவராகிறார். கணக்காய்வு வினாவுக்குப் பதில் எழுத வேண்டும், தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும், விடுதிக் கிணற்றில் தண்ணீர் வற்றியதற்கும் விடை சொல்ல வேண்டும். புதிதாக வரும் விரிவுரையாளர் பதவியில் நிரந்தரமாவதற்குக் கற்பித்தல் பயிற்சி நெறியொன்றை முடித்தாக வேண்டும். நல்ல ஏற்பாடு அது. நூற்றுக்கணக்கான ஊழியரையும் ஆயிரக்கணக்கான மாணவரையும் வழிநடத்த வருபவருக்கு அந்த அளவுக்குக் கட்டாயமான ஆயத்தம் எதுவும் இல்லை. பதவியேற்ற மறுநாளே கோப்புகள் மேசைக்கு வந்துவிடும்.

அறிஞரால் நிர்வாகம் செய்ய முடியாது என்று சொல்ல வரவில்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் இடங்களைத் தொகுத்து 1834இல் அகராதி நூல் வெளியிட்டவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் எழுதியவர். இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்று, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். படிப்பும் பரிபாலனமும் ஒரே ஆளிடம் சேரும் என்பதற்கு இந்தக் கரையே சான்று. ஆனால் அவர் காலத்து நீதிமன்றம் அல்ல இன்றைய பல்கலைக்கழகம். இன்று ஒருவரின் திறமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அவரிடம் கொடுக்கப்பட்ட பொறுப்புக்கும் அதிகாரத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியை அது நிரப்பாது.

அந்த இடைவெளியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை மாணவரைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. எத்தனை ஊழியரை வைத்திருக்கலாம் என்பதற்கு முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும். பணம் திறைசேரியிலிருந்து வர வேண்டும். கட்டட நிதி ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தால், கொள்வனவு விதிகளைக் கடந்து அதைச் செலவழித்து முடிப்பதற்குள் டிசம்பர் வந்துவிடும். 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு சென்ற விரிவுரையாளர்கள் பலர் திரும்பவில்லை. புதிய ஆட்சேர்ப்புக்கோ கட்டுப்பாடு. இவற்றுக்கு நடுவில் ஒரு துறைத்தலைவர் வருகை விரிவுரையாளர்களைத் தொலைபேசியில் மன்றாடி அழைத்து நேரசூசி போடுகிறார். ஆண்டு முடிவில் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வரும். பிறகு அரச நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றத்தின் கோப் குழு துணைவேந்தரை அழைத்துக் கேள்வி கேட்கும். கேட்பது சரி. பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் பூட்டு ஒருவரிடமும் சாவி நாலு பேரிடமும் இருக்கும் வீட்டில், கதவு திறக்கவில்லை என்று பூட்டு வைத்திருப்பவரை மட்டும் ஏசுவது நியாயமில்லை.

வேலைநிறுத்தங்களிலும் இதுவே நடந்தது. 2012இல் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் வேண்டும் என்று விரிவுரையாளர் சங்கங்களின் சம்மேளனம் ஜூலையில் தொடங்கிய போராட்டம் ஏறத்தாழ மூன்று மாதம் நீண்டது. 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. இரண்டிலும் கேட்கப்பட்டதைக் கொடுக்கும் அதிகாரம் எந்தத் துணைவேந்தரிடமும் இருக்கவில்லை. மாணவர் வந்து நின்றதோ அவருடைய வாசலில். அந்த மாதங்களில் கொழும்பில் திறைசேரியும் சங்கமும் முகம்பார்த்துக் கொண்டிருக்க, புத்தளம் கரையில் பிள்ளைகள் வீட்டிலிருந்தார்கள். இடையில் புகுந்து, "பேச்சை முடியுங்கள், இத்தனை வாரம் போய்விட்டது" என்று சொல்லும் பொதுக்குரல் ஒன்று நம் பக்கத்திலிருந்து எழவில்லை.

தமிழ் பேசும் பகுதிகளின் பல்கலைக்கழகங்களில் தலைமை தாங்கியவர்கள் சுமந்தது இதையும் விடப் பெரிது. 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அ. துரைராசா, எரிபொருள் தடை இருந்த காலத்தில் சைக்கிளில் அலுவலகம் போய் வந்ததை இன்றும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம். ஆனால் ஒரு மனிதரின் தியாகத்தை நிறுவனத்தின் ஒழுங்காக எண்ணி விடக்கூடாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். ரவீந்திரநாத்தைப் பதவி விலகச் சொல்லி 2006இல் அவருடைய பீடாதிபதி ஒருவர் கடத்தப்பட்டார். ரவீந்திரநாத் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுக் கொழும்பிலிருந்து பணியாற்றி வந்தார். டிசம்பர் 15ஆம் திகதி மாநாடொன்றுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. ஒரு கல்விமான் நாற்காலியில் அமர்ந்ததற்குக் கொடுத்த விலை அது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாண வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தனர். மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே மாணவரோடு சேர்ந்து அதே இடத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டினார். இடித்தது பிழை என்பதே எமது எண்ணம். அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மேலிடத்துக்கும் மாணவருக்கும் நடுவில் அந்த இரவில் அவர் தனியாக நின்றார். பேரவையும் மூதவையும் ஊர்ப் பெரியோரும் முன்கூட்டியே கூடிப் பேசி ஒரு நிலைப்பாட்டை எடுத்திருந்தால் அவரும் தனித்திருக்க மாட்டார், தூபியும் இருந்திருக்கும் என்று நம்ப இடமுண்டு.

இங்கேதான் அந்த 1978 சட்டத்தின் மறந்துபோன பகுதி வருகிறது. பேரவையில் துணைவேந்தரும் பீடாதிபதிகளும் மூதவையின் பிரதிநிதிகளும் இருப்பார்கள். அவர்களுடைய மொத்த எண்ணிக்கையை விட ஒருவர் கூடுதலாக, வெளியிலிருந்து மானியங்கள் ஆணைக்குழு நியமிக்க வேண்டும். கல்வி, தொழில்சார் துறைகள், வர்த்தகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிர்வாகம் ஆகியவற்றில் சிறந்த சேவை செய்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதாவது பல்கலைக்கழகத்தின் மேலான ஆட்சிச் சபையில் பெரும்பான்மை வெளியாருக்கு. சமூகத்துக்கு. நமக்கு. இந்த ஒரு ஏற்பாட்டை நாம் ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் துணைவேந்தரின் தோளில் உள்ள சுமையில் பாதி பகிரப்பட்டிருக்கும். ஆட்சி மாறும்போதெல்லாம் வெளி உறுப்பினரும் மாறுவதைக் கண்டு பழகிவிட்டோம். அந்த இருக்கையைக் கட்சிக்கு உழைத்தவருக்கான பரிசாக எண்ணுவதும் உண்டு. அதில் அமர்பவர் கோப்பைப் படித்தாரா, கூட்டத்துக்குப் போனாரா, தான் வந்த ஊருக்கு என்ன சொன்னார் என்று நாமும் விசாரிப்பதில்லை.

வடமேல் மாகாணத்தின் பல்கலைக்கழகம் வயம்ப. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1999இல் பல்கலைக்கழகமானது. அதன் மாக்கந்துர வளாகத்தில் கால்நடை, மீன்பிடி, போசாக்கியல் பீடம் இருக்கிறது. மீன்பிடியும் நீர்வாழ் உயிரின வளர்ப்பும் கற்பிக்கும் அந்தத் துறை இருப்பது குருநாகல் மாவட்டத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில். கடல்நீரேரிகளோ நம்மிடம். புத்தளம் நீரேரி மட்டும் முப்பதாயிரம் ஹெக்டயருக்கு மேல் பரந்தது. அந்தப் பீடத்தை நடத்துபவருக்கு உதவக்கூடிய அறிவு சிலாபத்திலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் கிடக்கிறது. வயம்பப் பேரவையில் இந்தக் கரையின் கடற்றொழிலைத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

கூட்டுப் பொறுப்பு என்றால் மேடைப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கரையின் இறால் வரலாற்றை நினைவூட்ட வேண்டும். எண்பதுகளில் சிலாபத்திலிருந்து முந்தல், புத்தளம் வரை இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் மரங்களை வெட்டி, தென்னங்காணியையும் உப்பு மண்ணையும் தோண்டிக் குளம் அமைத்தார்கள். அனுமதியில்லாமல் வெட்டப்பட்டவை ஏராளம். எல்லோரும் நீர் எடுத்ததும் கழிவு விட்டதும் நீரேரிகளை இணைக்கும் அதே ஒல்லாந்தர் கால்வாயில். ஒருவர் வெளியேற்றிய நீரை அடுத்தவர் பம்பு போட்டு உள்ளே எடுத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது ஒரு பண்ணையோடு நிற்கவில்லை. வரிசையாகக் குளங்கள் செத்தன. வங்கிக் கடன் மீதியிருக்க, குளங்களைக் கைவிட்டுப் போனவர் பலர். இன்றும் அந்தப் பக்கம் போனால் நீரும் பயனுமில்லாத குழிகளைக் காணலாம்.

அப்போது எல்லோரும் எல்லோரையும் குற்றம் சொன்னார்கள். பெரிய கம்பனி சிறிய பண்ணையைச் சொன்னது, சிறிய பண்ணை கம்பனியைச் சொன்னது, இருவரும் அதிகாரிகளைச் சொன்னார்கள். அதிகாரிகளால் மட்டும் திருத்த முடியவில்லை. ஆயிரக்கணக்கான குளங்களின் மடையில் யார் காவல் நிற்பது? தனியொரு பண்ணையாளராலும் முடியவில்லை. தன் குளத்தை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் நீர் அயலாரிடமிருந்துதான் வருகிறது. கடைசியில் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, பண்ணைப் பரப்பை வலயம் வலயமாகப் பிரித்து, எந்த வலயம் எந்தக் காலத்தில் குஞ்சு விடுவது என்று அட்டவணை வகுத்தன. குஞ்சைப் பரிசோதித்தே விட வேண்டும். நோய் கண்டால் மறைக்காமல் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். தன் முறை வரும் வரை குளத்தைச் சும்மா போட்டுக் காத்திருக்க வேண்டும். கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு கடினம் என்பது பண்ணைக்காரருக்குத் தெரியும். மீறியவர்களும் உண்டு. நோய் அவ்வப்போது திரும்பியும் வந்தது. ஆனாலும் தொழில் பிழைத்தது. ஒரே நீரைப் பயன்படுத்துபவர்கள் ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுக்கச் சம்மதித்ததே அதற்குக் காரணம்.

பல்கலைக்கழகத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது எமது வாதம். துணைவேந்தர், விரிவுரையாளர், ஊழியர், மாணவர், பெற்றோர், அரசியல்வாதி, ஊர் எல்லோருக்கும் அதில் மடை உண்டு. யார் என்ன விடுகிறோம் என்பதை ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும்.

முதலில் நிர்வாகிகள். சுமை பெரிது என்று மேலே ஒப்புக்கொண்டோம். அதற்காகக் கதவை மூடி வைப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. பேரவை எடுக்கும் தீர்மானங்களின் சுருக்கம் மும்மொழியிலும் வெளிவர வேண்டும். பரீட்சை ஏன் தள்ளிப்போனது, பெறுபேறு எப்போது வரும் என்பதை வதந்தி வழியாகப் பிள்ளை அறியக்கூடாது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. உடப்பிலிருந்து போகும் பெற்றோருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுத முடியாத அலுவலகம் சட்டத்தையே மீறுகிறது. பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்காமல் எல்லாக் கோப்பிலும் தானே ஒப்பமிட விரும்பும் துணைவேந்தரும் பீடாதிபதியும் மூன்று ஆண்டு முடிவில் களைத்துப்போய் எழும்புவார்கள். அடுத்து வருபவர் மீண்டும் முதற்பக்கத்திலிருந்து தொடங்குவார். தனக்குப் பின் வரக்கூடியவரை ஓராண்டு முன்பே கூட வைத்துப் பழக்குவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

விரிவுரையாளர்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்விக்குச் செலவிடும் பங்கு நாட்டின் உற்பத்தியில் 2 வீதத்தைச் சுற்றியே நிற்கும் காலத்தில் உங்கள் கோரிக்கைகளில் நியாயம் உண்டு. பணிநிறுத்தம் செய்யும் உரிமையையும் மறுக்கவில்லை. ஆனால் இறுதியாண்டுப் பரீட்சையையும் விடுதியின் குடிநீரையும் மருத்துவ அறையையும் எந்தப் போராட்டத்திலும் தொடுவதில்லை என்று நீங்களே முன்வந்து எழுதிக் கையளித்தால், இந்தக் கரையின் ஏழைப் பெற்றோர் உங்கள் கோரிக்கைக்காகத் தெருவுக்கு வருவார்கள்.

அடுத்தது பகிடிவதை. இதில் நம் குற்றத்தை நாமே சொல்ல வேண்டும். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இல் வந்தது, 20ஆம் இலக்கம். பிணை கிடைப்பதே கடினமான குற்றங்களும் அதில் உண்டு. சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை? விடுதியில் கொடுமை செய்யும் மூத்த மாணவனும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை, சில வேளை நம் ஊர்ப் பிள்ளை. முறைப்பாடு வந்து, ஒழுக்காற்று விசாரணை தொடங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் புறப்படுகிறார்கள். "பிள்ளையின் எதிர்காலம் பாழாகிவிடும், பார்த்துச் செய்யுங்கள்" என்று பீடாதிபதியின் வீட்டில் போய் நிற்கிறார்கள். அடிபட்ட பிள்ளைக்கும் எதிர்காலம் உண்டு என்பது அந்த வாசலில் நினைவுக்கு வருவதில்லை. அவன் பயந்து படிப்பை விட்டு வந்து அப்பாவோடு தோணியில் ஏறினால் அதையும் நாமே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் விகாரையும் ஒரே குரலில், இந்த விடயத்தில் யாருக்காகவும் தூது போவதில்லை என்று தீர்மானித்தால் ஒழுக்காற்றுச் சபையின் முதுகெலும்பு நிமிரும்.

தொலைபேசியில் வரும் சிபாரிசும் இதே இனம். சிற்றூழியர் வேலையிலிருந்து ஒப்பந்த வேலை வரை அரசியல் அலுவலகத்திலிருந்து பட்டியல் போகிறது. அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கும்படி அலைபவர்களோ நாம். சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கிய பெருமைக்குரிய நிறுவனம். தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கான ஊழியரைச் சேர்த்து நிதி நெருக்கடியில் விழுந்து, 2013இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றி அதைப் பொறுப்பேற்க வேண்டி வந்தது. மிகுதியான ஊழியரை அரச அலுவலகங்களுக்கு மாற்றினார்கள். வேலை கொடுப்பது நல்ல காரியம்தான் என்று தொடங்கியது அங்கே போய் நின்றது.

அதே அண்ணாமலையிடம் நாம் படிக்க நல்லதும் உண்டு. பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அதன் கடல் உயிரியல் உயராய்வு மையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. தலைமை வளாகம் சிதம்பரத்திலேயே இருக்க, ஆராய்ச்சி கடற்கரை ஊருக்குப் போனது. புத்தளம் கரைக்கும் இது பொருந்தும். புதிய பல்கலைக்கழகம் ஒன்றை இப்போதே தாருங்கள் என்று கேட்பதை விட, இருக்கும் பீடத்தின் கள நிலையம் ஒன்றைக் கற்பிட்டிக்கோ முந்தலுக்கோ கொண்டுவருவது எளிது, செலவும் குறைவு. நாரா நிலையம் அருகில் இருக்கிறது. நுரைச்சோலையின் சாம்பல் அயலிலுள்ள தோட்டத்துக்கு என்ன செய்கிறது, நீரேரியில் இறால் குஞ்சும் நண்டும் ஏன் குறைகின்றன, தென்னையை வெள்ளை ஈயிடமிருந்து எப்படிக் காப்பது என்று இறுதியாண்டு மாணவர் ஆய்வு செய்யக் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. நிறுவுவது ஒரு திறப்புவிழாவோடு முடியும், நடத்துவது முடிவதில்லை. 1995இல் அகதிச் சூழலில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கதையைக் கேட்டால், கட்டடம் எழும்பிய பின்னரே உண்மையான வேலை தொடங்கியது தெரியும்.

இந்தக் கரைக்கு இவ்வளவு செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு 1990 பதில் சொல்லும். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல்லாயிரமாக வந்து இறங்கியபோது, புத்தளம் தன்னிடமிருந்த கொஞ்சத்தைப் பங்கிட்டது. பாடசாலைகள் காலையில் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பின்னேரத்தில் வந்த பிள்ளைகளுக்கும் இயங்கின. எருக்கலம்பிட்டியின் பெயரைத் தாங்கிய பாடசாலை இன்றும் நாகவில்லில் நடக்கிறது. மனக்கசப்பு இல்லாமல் போகவில்லை. நிலத்துக்கும் நீருக்கும் பல்கலைக்கழக இடத்துக்கும் போட்டி வந்தது. ஆனாலும் ஓர் அதிபர் இரண்டு பாடசாலைகளின் சுமையைத் தூக்கியபோது ஊர் அவரோடு நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் வெள்ளம் வந்து உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நின்றபோதும், அரச உதவி வருமுன்னர் சமைத்துக் கொடுத்தவர்கள் அயலவர்கள்.

உடனே தொடங்கக்கூடிய வேலை ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் கலைப் பிரிவு தவிர்ந்த நெறிகளுக்குப் பொதுவாக 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. ஒதுக்கீடு நம் பிள்ளையை வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது. உள்ளே போனதும் ஆங்கிலத்தில் விரிவுரை. தமிழ்மொழி மூலம் படித்த கெட்டிக்காரப் பிள்ளை முதலாம் ஆண்டில் தடுக்கி விழுகிறாள். துறைத்தலைவர், "இவர்களுக்கு ஆயத்தம் போதாது" என்கிறார். அவர் சொல்வது பிழையில்லை. ஆனால் அந்த ஆயத்தத்தை அவர் தனியாகச் செய்துவிட முடியாது. பரீட்சை எழுதியதற்கும் பல்கலைக்கழகம் அழைப்பதற்கும் இடையில் ஓர் ஆண்டு, சில வேளை அதற்கும் மேல் போகிறது. அந்தக் காலத்தில் ஆங்கிலமும் கணினியும் அடிப்படைக் கணிதமும் கற்பிக்க நம் பாடசாலைக் கட்டடங்கள் பின்னேரத்தில் சும்மா இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழக நிலையம் இருக்கிறது. என்ன கற்பிப்பது என்ற திட்டத்தைப் பீடங்கள் தரட்டும், இடமும் ஆளும் நாம் தருவோம். பெண்பிள்ளையைத் தூர அனுப்பத் தயங்கும் வீடுகளுக்காக, குளியாப்பிட்டியிலும் ஒலுவிலிலும் நம்பகமான தங்குமிடம் ஒன்றைப் பள்ளிவாசல் நிதியமும் ஆலய பரிபாலன சபையும் கூட்டாக எடுத்து நடத்தலாம். விடுதிப் பற்றாக்குறையால் திணறும் நிர்வாகத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இதற்கு ஒரு கூட்டுச் சபை வேண்டும். புத்தளம் பெரிய பள்ளிவாசல், சிலாபம் மறைமாவட்டம், முன்னேஸ்வரம், உடப்பு ஆலயங்களின் சபைகள், விகாரைகள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், இறால் பண்ணையாளர், உப்பு உற்பத்தியாளர், பாடசாலை அதிபர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் எல்லோருக்கும் அதில் இடம் வேண்டும். கட்சி அலுவலகத்துக்கு வெளியே கூடட்டும். பேரவைகளின் வெளி உறுப்பினர் பதவிக்காலமும் மூன்று ஆண்டுதான். அடுத்த நியமனம் வருமுன்னர், படித்து, கூட்டத்துக்குப் போய், திரும்பி வந்து ஊருக்குச் சொல்லக்கூடிய சிலரின் பெயர்களை மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இந்தச் சபை எழுத வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும், மூன்று சமூகத்தாரும் இருக்க வேண்டும்.

முதற்கூட்டத்தைப் பாலாவியிலோ சிலாபத்திலோ வைக்கலாம். மாக்கந்துரவிலிருந்து பீடாதிபதி ஒருவரையும், கரையிலுள்ள உயர்தரப் பாடசாலைகளின் அதிபர்களையும், இப்போது பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலரையும் அழைக்க வேண்டும். அன்று மண்டபத்தில் குறை சொல்ல ஒரு மணிநேரம் போதும். மிகுதி நேரத்தில், ஆங்கில வகுப்பை எந்தப் பாடசாலையில், எந்தத் திங்களில் தொடங்குவது, சாவி யாரிடம், மின்கட்டணம் யாருடையது என்று எழுதி முடிக்க வேண்டும். கூட்டக்குறிப்பு மும்மொழியிலும் வர வேண்டும். அடுத்த கூட்டத்தின் திகதியைக் குறிக்காமல் யாரும் எழும்ப வேண்டாம்.